பனி காயாத புல்

பசியால் செத்த மாடு எங்கள் பண்ணையில் ஒன்றுகூடக் கிடையாது. செத்ததெல்லாம் புல் தின்று செத்ததுதான். வெயில் காலத்தில் விலா எலும்பைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாடு எப்படியோ மழையை எட்டிப் பிடித்துவிடும். மழை ஓய்ந்து, புல் தொடைவரை எழுந்து, பார்க்கிறவனெல்லாம் “அடேயப்பா, என்ன பசுமை!” என்று வாயைப் பிளக்கிற ஒன்றரை மாதம் இருக்கிறதே, அதுதான் கண்டம். வெறும் வயிற்றோடு ஈரப்புல்லில் விழுந்து மேய்ந்த மாட்டுக்கு உள்ளே நுரை கட்டும். இடது பக்கம் உப்பும். ஏப்பம் வராது. ஒரு மணி நேரத்தில் நாக்கைத் தள்ளிக் காலை நீட்டிவிடும்.

அந்த ஒன்றரை மாதத்துக்கு ராஜா என் பெரியப்பா.

பத்தொன்பது வருடமாக அவர்தான் பண்ணையின் மேஸ்திரி. அறுபத்திரண்டு மாடுகளும் ஏழு ஆட்களும் அவர் வாய்ச்சொல்லுக்கு அடக்கம். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை “மத்தளம்” என்பார்கள். மேய்ச்சல் முடிந்து மாடுகள் கொட்டகைக்குத் திரும்பும்போது வாசலில் நின்று ஒவ்வொன்றின் இடது விலாவையும் இரண்டு விரலால் தட்டிக் காது கொடுப்பார். ‘தொப்’ என்றால் நல்லது. ‘டம்’ என்றால் உள்ளே காற்று. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எங்கள் மத்தளம் இரண்டு பக்கமும் இடி கொடுக்கிற மத்தளம். மாட்டைத் தட்டிய கை அப்படியே பக்கத்தில் நிற்கிற ஆளின் பிடரியையும் தட்டிவிட்டுப் போகும்.

ஆனால் அவருடைய பெருமை கையில் இல்லை, காலில் இருந்தது.

பள்ளத்தில் இருக்கும் வயலில்தான் குதிரைமசால் தீவனச் செடியும் இளம்புல்லும் கலந்து மண்டியிருக்கும். மழைக்குப் பிறகு புல் அடர்ந்துவிட்டால் மேலே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நுனி வெயிலில் மினுங்கும். அடியில் பனி தண்ணீராகத் தேங்கி நிற்கும். மாடு நாக்கைச் சுழற்றி அடியோடுதான் இழுக்கும். அதனால் தினமும் காலையில் பெரியப்பா கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, வயலுக்குள் நூறு அடி நடப்பார். உள்ளங்காலால் புல்லின் அடியை மிதித்துப் பார்ப்பார். நின்று, திரும்பி, கையைத் தூக்கி “காஞ்சிருச்சு” என்பார். அதன் பிறகுதான் கேட்டைத் திறக்க வேண்டும். அதற்குள் ஆட்கள் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கட்டு வைக்கோல் போட்டு வயிற்றைப் பாதி நிரப்பியிருக்க வேண்டும். முதலில் வைக்கோல், பிறகு மேஸ்திரியின் கால், அதற்குப் பிறகுதான் புல். இந்த வரிசை தப்பினால் சாவு.

பண்ணையில் செருப்புக்குத் தடை. “செருப்பு போட்டவன் கண்ணால மாடு மேய்க்கிறவன். கண்ணு பொய் சொல்லும், காலு சொல்லாது” என்பார். என் அப்பா, அவருடைய சொந்தத் தம்பி, ஒரு மழைக்காலத்தில் சேற்றுப்புண் வந்து செருப்போடு கொட்டகைக்கு வந்தார். பெரியப்பா கழற்றச் சொல்லி, இரண்டையும் தன் கையாலேயே எடுத்துச் சாணிக்குழியில் எறிந்தார். “எடுத்துட்டு வந்து போட்டுக்கோ, மாப்ள கணக்கா இருப்ப” என்றார். ஏழு பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவர் மேஸ்திரி ஆன கதையும் அப்படித்தான். முன்பு இருந்த மேஸ்திரி வயதானவர், நல்ல மனிதர். ஒரு நாள் வயலில் நடந்து பார்த்தவர், சந்தேகத்துக்குக் குனிந்து கையாலும் புல்லைத் தொட்டுப் பார்த்தார். கேட்டில் நின்றிருந்த பெரியப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “என்ன மேஸ்திரி, கம்மல் தொலைஞ்சுபோச்சா? சொன்னா நாங்களும் தேடுவோம்ல” என்றார். அன்றிலிருந்து அந்தக் கிழவருக்குப் பெயர் “கம்மல்”. குனிந்தாலும் சிரிப்பு, குனியாவிட்டாலும் சிரிப்பு. ஆறு மாதம் தாங்கினார். பிறகு மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலமே பெரியப்பா மேஸ்திரியின் வீட்டுக்குச் சாமானை மாற்றினார். பண்ணை ஆட்கள் குடியிருப்பில் ஜன்னல் உள்ள ஒரே வீடு அதுதான்.

எங்களுக்குக் கிடைத்தது கொட்டகையின் கடைசியில், தீவனக் கிடங்கை ஒட்டிய அறை. சுவரின் ஒரு பக்கம் நாங்கள் தூங்குவோம், மறுபக்கம் மாடுகள் அசைபோடும். அந்தச் சுவரில்தான் நான் பட்டம் வாங்கிய படம் மாட்டியிருக்கிறது. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்து, மேடையேறி, கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அம்மா அந்தப் படத்தின் கண்ணாடியைத் தினமும் துடைப்பாள். பெரியப்பா ஒரே ஒரு முறை அதை வந்து பார்த்தார். “அங்கியெல்லாம் ஜோராத்தான் இருக்கு. உள்ள நம்ம சாணி வாசனை அடிக்குதா இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மனிதருக்கே இப்படியென்றால் கன்றுகளின் கதி சொல்ல வேண்டாம். புல் கொழுக்கிற மாதத்தில் பால் பொங்கும். கேன் போதாமல் குளிக்கிற வாளியைக்கூடக் கழுவிக் கொண்டுவருவோம். அந்தப் பாலில் ஒரு சொட்டு கன்று குடித்தாலும் அவருக்கு வயிறு எரியும். கன்றின் மூக்கில் வெளிப்பக்கம் முள் நீட்டிய வளையத்தை மாட்டிவிடுவார். கன்று ஆசையாக மடியை முட்டும். முள் குத்தியதும் தாயே எட்டி உதைக்கும். இரண்டு நாளில் கன்று தாயைக் கண்டு ஒதுங்க ஆரம்பிக்கும். காளைக் கன்றுகளுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. நாலாம் நாள் கன்றை ஏற்றிப்போக வண்டி வரும். தாய் கொட்டகையில் நின்று கத்தும். அம்மா ஒரு தடவை, “பாவம் மாமா, ஒரு வாரமாவது விட்டு அனுப்பலாமே” என்றாள்.

“ரெண்டு நாள் கத்தும். மூணாம் நாள் புல்லைப் பாத்தா புள்ளைய மறந்துரும்” என்றார் பெரியப்பா. “நீயும் அப்படித்தான். ஒம்புள்ள வேலைக்குப் போயி ஒரு சேலை வாங்கிக் குடுத்தா எங்கள எல்லாம் மறந்துருவ.”

இந்த வருடம் மழை அளவுக்கு மீறிப் பெய்தது. புல்லும் அளவுக்கு மீறி எழுந்தது. நான் படிப்பை முடித்து, எழுதிய தேர்வின் முடிவுக்காகக் காத்துக்கொண்டு, காலையில் அம்மாவோடு கேன் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பால் கறக்கிற சிமெண்டுத் தரையில் சிவப்பாகக் கறை தெரிந்தது. மாட்டுக்குக் குளம்பு வெட்டுப்பட்டிருக்கிறது என்று அம்மா பதறிப்போய் ஒவ்வொரு மாடாகக் காலைத் தூக்கிப் பார்த்தாள். பன்னிரண்டு மாடு பார்த்தும் ஒன்றும் இல்லை. கறை மட்டும் வரிசையாக, ஒரு அடி விட்டு ஒரு அடி, கொட்டகையின் நீளத்துக்கும் போயிருந்தது. போகப் போக அது குளம்பின் தடம் இல்லை, மனிதன் பாதம் என்று தெரிந்தது. அந்தப் பாதத்தின் முடிவில் பெரியப்பா நின்றுகொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். வலது உள்ளங்காலில் வேலிக்கு அடிக்கிற வளைந்த ஆணி முழுசாக ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

“மாமா, ஒங்க கால்ல...” என்றாள் அம்மா.

அவர் குனிந்து பார்த்தார். முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு ஆணியைப் பிடுங்கி, கோழி இறகை எடுத்துப் போடுவதுபோலத் தூரப் போட்டார். “தெரியும் போ. வேலை முடிச்சுட்டு எடுக்கலாம்னு இருந்தேன். ஒன்னய மாதிரி முள்ளு குத்துனதுக்கு ஒப்பாரி வைக்கிற ஆளா நானு?”

அன்று மதியம் பெரியம்மா எங்கள் அறைக்கு வந்தாள். அவள் அதிகம் பேசாதவள். பேசினால் அடி விழும் என்று பழகிப்போனவள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “சர்க்கரை வந்து ஏழு வருசமாச்சுடி. ரெண்டு வருசமா முழங்காலுக்குக் கீழ மரக்கட்டை. சுடுதண்ணி ஊத்துனாலும் தெரியல. வெளிய சொல்லிராத. காலு போச்சுன்னா மேஸ்திரி வேலை போச்சு. இந்த வீடும் போச்சு. நாங்க எங்க போவோம்?” என்றாள்.

இரண்டு வருடமாக எப்படிச் சமாளித்தார் என்றால், வெயிலை வைத்துத்தான். நடப்பதுபோல நடந்துவிட்டு, வெயில் உச்சிக்கு ஏறும்வரை ஏதாவது சாக்குச் சொல்லிக் கேட்டைத் திறக்காமல் இழுத்தடித்திருக்கிறார். வயலுக்குள் நிற்கும்போது கால் புல்லுக்குள் மறைந்திருக்கும். வெளியே வரும்போது கேட்டருகே குளம்பு நோய்க்கான மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கித்தான் ஏற வேண்டும். எல்லோர் காலும் நீலமாக நனைந்துவிடும்; அதில் பனி ஈரம் எது, மருந்து ஈரம் எது என்று யாருக்கும் தெரியாது. குனிந்து கையால் ஒரு தடவை தொட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் கேட்டில் ஏழு பேர் நிற்பார்களே. கம்மல் தேடுகிறான் என்று எவனாவது சொல்லிவிட்டால்?

அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா, “வாயை மூடிக்கிட்டு இரு. அவன் எனக்கு அண்ணன்” என்றார். அதோடு அந்த விஷயம் எங்கள் அறையைத் தாண்டவில்லை.

பத்து நாள் கழித்து வானம் மூடிக்கொண்டது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. சாம்பல் பூசிய மாதிரி ஒரு காலை. முதலாளியம்மாவைப் பார்க்க மாடு வாங்குகிற ஆட்கள் வருவதாக இருந்தது. ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தன் மேட்டு வீட்டிலிருந்து இறங்கிவந்த அவள், “மேஸ்திரி, எட்டரைக்கு மாடெல்லாம் பள்ளத்துல நிக்கணும். புல்லு நடுவுல பாத்தாத்தான் மாடு அழகு” என்றாள்.

அப்பாவும் மற்றவர்களும் வைக்கோலைப் போட்டு முடித்திருந்தார்கள். பெரியப்பா வயலுக்குள் இறங்கினார். நூறு அடி நடந்தார். நின்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றார். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார், வெயில் இருந்தால்தானே? இடுப்பு ஒரு கணம் மடிவதுபோல எனக்குத் தோன்றியது. கேட்டில் நின்ற ஒருவன் இருமினான். அவர் நிமிர்ந்துவிட்டார்.

“காஞ்சிருச்சு!”

அப்பா கேட்டின் கொண்டியில் கை வைத்தபடியே, “அண்ணே, வெயிலே வரலியே. நான் ஒரு தடவை பாத்துட்டு வரட்டுமா?” என்றார்.

“ஏன்டா, ஒனக்கு எப்ப காலு முளைச்சுது?” என்று அங்கிருந்தே கத்தினார் பெரியப்பா. “தொறடா கேட்டை!”

அப்பா திறந்தார்.

ஒன்பதே கால் மணிக்கு முதல் மாடு வாலை அடித்து, தன் விலாவைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்தது. பெரியப்பா ஓடிப்போய்த் தட்டினார். ‘டம்’. பக்கத்து மாடு, ‘டம்’. அதற்கடுத்தது, ‘டம்’. பத்தொன்பது வருடம் தட்டிய மத்தளம் அன்றுதான் கச்சேரி வைத்தது. பிறகு ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். மாடுகளை மேட்டில் ஏற்றி முன்கால் உயர நிறுத்தினோம். வாயில் குறுக்காகக் குச்சியைக் கட்டினோம், மென்று மென்றாவது ஏப்பம் வரட்டும் என்று. அம்மாவும் பெரியம்மாவும் பாட்டில் பாட்டிலாக எண்ணெய் புகட்டினார்கள். தாங்காத மாடுகளுக்கு இடது இடுப்பெலும்புக்கு முன்னால் பெரியப்பா குழாய் மாட்டிய குத்தூசியை இறக்கினார். காற்று வந்தால் மாடு பிழைக்கும். அன்று வந்தது பச்சை நுரை. சோப்புத் தண்ணீர் மாதிரி பொங்கிக் குழாயை அடைத்துக்கொண்டது. மாட்டு டாக்டர் வருவதற்குள் நான்கு மாடுகள் புல்லிலேயே சாய்ந்திருந்தன. அதில் ஒன்று நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள முதல் ஈத்துப் பசு. அதன் கன்றை முந்தாநாள்தான் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். சாகும்போதும் அதன் வாயில் புல் இருந்தது.

மாடு வாங்க வந்தவர்கள் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, “ஒண்ணு வெறும் வயித்துல விட்டுருக்கணும், இல்ல ஈரத்துல விட்டுருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளியம்மா பெரியப்பாவைப் பார்த்தாள்.

“ஈரம் இல்லம்மா. நானே நடந்து பாத்தேன். இத்தனை வருசத்துல இந்தக் காலு ஒருநாளும் தப்பினதில்ல” என்றார் பெரியப்பா. பிறகு கையை நீட்டினார். எங்கே நீட்டுவார் என்று எனக்குக் கை எழும்போதே தெரிந்துவிட்டது. “வைக்கோல் போடச் சொன்னது இவன்கிட்ட. போட்டானோ, புள்ள படம் மாட்டின சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னானோ.”

“போட்டேன்மா” என்றார் அப்பா. வைக்கோல் மாட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது. சாட்சி சொல்ல அது திரும்பி வராது. கூட நின்று போட்ட ஆறு பேரும் தங்கள் கால்விரல்களைப் பார்த்தார்கள். மேஸ்திரிக்கு எதிராக வாயைத் திறந்தால் நாளைக்கு யார் பிடரியில் விழும் என்று அவர்களுக்குத் தெரியும்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணிரு” என்றாள் முதலாளியம்மா.

எங்கள் அறையில் அன்று சண்டை. அப்பா, “அண்ணன் பயத்துல சொல்லிட்டான். நாளைக்கு அவனே போயி சரி பண்ணுவான்” என்றார்.

“நீங்க அவருக்குத் தம்பியா இருக்கீங்க, சரி. அவரு என்னைக்காவது ஒங்களுக்கு அண்ணனா இருந்தாரா?” என்றாள் அம்மா. “தெருவுல நின்னு தம்பி பாசம் பாடுங்க, ரெண்டு பேரு நின்னு கேப்பாங்க.”

மறுநாள் நாலு மாட்டையும் புதைக்கக் குழி வெட்டினார்கள். வெட்டியவர் அப்பா. மேலே நின்று, “இன்னும் ஆழமா வெட்டுடா, ஒங்கைவரிசைதானே” என்று ஏவியவர் பெரியப்பா. அண்ணன் சரிபண்ணுகிற லட்சணம் அதுதான். நான் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக மேட்டு வீட்டுக்குப் போனேன்.

முதலாளியம்மா நான் சொன்னதை முழுதும் கேட்டாள். ஆணிக் கதையையும் கேட்டாள். “ஒங்கம்மா புருசனுக்காகச் சொல்லுவா. நீ அப்பனுக்காகச் சொல்லுவ. பத்தொம்போது வருசம் நான் நம்புன காலு அது” என்றாள்.

“நம்பாதீங்கம்மா. சோதிச்சுப் பாருங்க. ரெண்டு சாக்கு போதும்” என்றேன்.

“ஒண்ணு ஈரம், ஒண்ணு காஞ்சதா?”

“அப்படின்னு அவருகிட்ட சொல்லுவோம். ஆனா ரெண்டையும் நனைச்சு வைப்போம். ஒண்ணை மட்டும் நனைச்சா, குத்துமதிப்பாச் சொன்னாக்கூடப் பாதிக்குப் பாதி சரியாயிரும். ரெண்டும் ஈரம்னா, காலுல உசிரு இருக்கிறவன் மட்டும்தான் ரெண்டும் ஈரம்னு சொல்லுவான்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “படிச்ச புள்ளைங்க பொல்லாதவங்கதான்” என்றாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். நியாயமான சோதனைதான்; இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது. நான் படித்த படிப்புக்கு முதல் வேலை அதுதான்.

சனிக்கிழமை காலை, கறவை முடிந்ததும், பால் கறக்கிற தரையில் இரண்டு சாக்குகளை விரித்தேன். இரண்டின் மேலும் ஒவ்வொரு குவளை தண்ணீர் தெளித்துப் பிழியாமல் விட்டேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அப்பா மட்டும் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பெரியப்பாவைக் கூப்பிட்டதும் அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“என்னம்மா இது, கண்ணாமூச்சியா?”

“ஒண்ணும் இல்ல மேஸ்திரி. ஒன் காலைப் பத்தி ஒரு பேச்சு வந்துச்சு. ஒரு சாக்கு ஈரம், ஒண்ணு காஞ்சது. எது எதுன்னு சொல்லிட்டுப் போ. பேச்சு அடங்கிரும்.”

அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் அப்படியே நின்றது. முடியாது என்றும் சொல்ல முடியாது. கறவைத் துண்டால் அவர் கண்ணைக் கட்டினேன். முடிச்சுப் போடும்போது, “நீதானாடா?” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார். கையைப் பிடித்து முதல் சாக்கின்மேல் ஏற்றினேன்.

கூட்டத்துக்குள் பெரியம்மா இருமினாள். ஒரே இருமல்.

“ஈரம்!” என்றார் பெரியப்பா, மாடு விலை சொல்கிறவன்போல. ஒருவன், “பரவால்லியே” என்றான். அந்த இருமலை நான் மட்டும்தான் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சாக்கில் ஏற்றினேன். பெரியம்மா மறுபடியும் இருமினாள். அவர் பேசவில்லை. அவள் இன்னொரு முறை, தொண்டை கிழிகிற மாதிரி இருமினாள். கட்டிய கண்ணோடு அவர் தலை அவள் பக்கம் சட்டென்று திரும்பியது. முப்பது வருடமாக, தான் பேசும்போது அவள் குறுக்கே பேசினால் எப்படித் திரும்புமோ அப்படி. ஒன்று ஈரம் என்று சொல்லியாகிவிட்டது. இன்னொன்று காய்ந்ததாகத்தானே இருக்க வேண்டும்? அவர் உள்ளங்காலுக்குக் கீழே சாக்கிலிருந்து தண்ணீர் கசிந்து விரல்களுக்கு நடுவே ஏறிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இது காஞ்சது” என்றார். கை வழக்கம்போல மேலே எழுந்தது. “காஞ்சிருச்சு!”

முதலில் யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். பிறகு கொட்டகையே வெடித்தது. பிடரியில் அடி வாங்கியவன் எல்லாம் சேர்த்து வைத்துச் சிரித்தான். கேனைத் தட்டிக்கொண்டு சிரித்தான். “மேஸ்திரி, குளத்துக்குள்ள எறக்கி விட்டாலும் காஞ்சிருச்சும்பாரு!” “கம்மல் தேடச் சொல்லுங்கடா, குனிஞ்சாவது பாக்கட்டும்!” அவர் இன்னும் கண்கட்டை அவிழ்க்கவில்லை. சிரிப்பு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் சாக்கின்மேலேயே சுற்றிச் சுற்றித் திரும்பினார்.

“இருமினேனே...” என்றாள் பெரியம்மா, யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல். “ரெண்டுக்கும் இருமினேனே.” அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. “போதும்” என்றாள். பூட்ஸ் சத்தத்தோடு வைக்கோல் போருக்குப் பின்னால் போய், “நாளைலேருந்து நீ பாத்துக்கோ” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அறையைக் காலி செய்தோம்தான். ஜன்னல் வீட்டுக்குப் போனோம். என் படத்தை ஜன்னலுக்கு எதிரே, வெளிச்சம் விழுகிற சுவரில் அம்மா மாட்டினாள். பெரியப்பாவும் பெரியம்மாவும் தீவனக் கிடங்கு அறைக்கு வந்தார்கள். “இருந்துட்டுப் போகட்டும், சாணி அள்ள ஆள் வேணும்ல” என்று முதலாளியம்மா சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை மூட்டம் கலைந்து வெயில் அடித்தது. அப்பா வயலுக்குள் இறங்கினார். நூறு அடி நடந்தார். நின்றார். பிறகு எல்லோர் கண்ணெதிரிலும் குனிந்து, இரண்டு கையாலும் புல்லின் அடியைப் பிரித்துத் தொட்டுப் பார்த்தார். எவனும் சிரிக்கவில்லை. நாற்பது நிமிடம் காக்கவைத்துவிட்டுத்தான் திறந்தார்.

மாடுகள் இறங்கியதும், சாணிக்கூடையோடு நின்ற பெரியப்பாவிடம் போனார். பையிலிருந்து ஒரு ஜோடி புது ரப்பர் செருப்பை எடுத்து அவர் காலடியில், கையில் கொடுக்காமல், தரையில் போட்டார். அப்பா இத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“போட்டுக்கோண்ணே. மாப்ள கணக்கா இருப்ப.”

ஏழு பேர் சிரித்தார்கள். எண்ணிப் பார்த்தால் அதில் நானும் ஒருவன்.

பெரியப்பா செருப்பையே பார்த்தார். கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு காலாக நுழைத்துக்கொண்டார். கூடையைத் தலையில் ஏற்றினார். மருந்துத் தொட்டியைத் தாண்டி, மாடுகள் மேய்ந்த தடத்தில் நடந்தார். நாலாவது அடியிலேயே வலது செருப்பு சேற்றில் கழன்று நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுங்காலுமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஈரப்புல்லுக்குள் போய்க்கொண்டே இருந்தார்.

கேட்டில் நின்ற நாங்கள் எல்லோரும் அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தோம். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.